ஒற்றை மின்கலத்தில் ஓடிய விளையாட்டுகள்



பிள்ளையின் கையிலுள்ள விளையாட்டுக் கருவியைப் பறித்து வைப்பதா, விட்டுவிடுவதா என்று பெற்றோர் பலர் என்னைக் கேட்பதுண்டு. என்னிடமும் அத்தகைய கருவி ஒன்று இருக்கிறது என்றால் நம்பமாட்டார்கள்! அதன் பெயர் வொண்டர்சுவான். 1999 மார்ச்சில் பண்டாய் நிறுவனம் ஜப்பானியச் சந்தைக்கென வெளியிட்டது. அதன் உருவாக்கத்தில் பங்காற்றிய குன்பே யோகோய், நிண்டெண்டோவின் கேம் பாய் கருவியைப் படைத்தவர். வொண்டர்சுவான் வெளிவருமுன்பே, 1997இல், சாலை விபத்தில் அவர் மறைந்தார். ஒரே ஒரு மின்கலம் போட்டால் ஏறக்குறைய 30 மணி நேரம் ஓடும். நெட்டுவாக்கிலும் பிடித்து ஆடலாம், கிடைவாக்கிலும் ஆடலாம்.

ஆயினும் என்னைக் கவர்ந்தது இவையல்ல. 2000ஆம் ஆண்டில் கியூட் என்னும் நிறுவனம் வொண்டர்விட்ச் என்ற தொகுப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கணினியில் சி மொழியில் நிரல் எழுதி, கம்பிவடத்தின் வழி அந்தச் சிறு கருவிக்கு ஏற்றலாம். விளையாட்டு நிறுவனங்கள் தங்கள் கருவிகளைப் பூட்டி வைத்திருந்த காலத்தில், வாங்கியவர் எவரும் படைக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டனர். போட்டியும் நடத்தினர். 2001ஆம் ஆண்டுப் போட்டியில் வென்றதுதான் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான 'ஜட்ஜ்மெண்ட் சில்வர்சோர்ட்'.

கருவியை நெட்டுவாக்கில் பிடித்து ஆடும் வானூர்தி விளையாட்டு அது. விரிந்து பாயும் குண்டு, நேராகக் குவியும் குண்டு, எதிரியின் குண்டுகளைத் தடுக்கும் கேடயம் என மூன்றே உத்திகள். எதை எப்போது கையாள்வது என்பதில்தான் சுவை முழுவதும் அடங்கியுள்ளது. 224க்கு 144 புள்ளிகள் கொண்ட சிறு திரையில் இத்தனை வேகத்தை எப்படிக் கொண்டு வந்தனர் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். 2004இல் அது மெருகேற்றப்பட்டு, விற்பனைக்குரிய விளையாட்டாகவும் வெளிவந்தது. பகடை உருட்டல் தாக்குதலின் வலிமையை முடிவு செய்யும் 'டைசிங் நைட்' இரண்டாவதாக எனக்குப் பிடித்தது. இதில் நிலவறைகள் ஒவ்வொரு முறையும் மாறிவிடும். மனப்பாடம் செய்து வெல்ல இயலாது. (மனப்பாடத்தையே நம்பும் நம் பிள்ளைகளுக்கு நல்ல மருந்து!)

ஆகவே, கருவியைப் பறிப்பதா என்று கேட்போரிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் பிள்ளை அதில் ஏதேனும் ஒன்றைப் படைக்க வழியுண்டா?

வழியில்லையெனில் ஒரு கட்டத்தாள் போதும். வொண்டர்சுவானின் படங்கள் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு ஓடுகளால் ஆனவை. அந்த அளவுக்குள் தமிழ் எழுத்துகளை வரையுமாறு ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் சொன்னேன். 'ப' நொடியில் முடிந்தது. 'ழ' வகுப்பையே அரைமணி நேரம் அமைதியாக்கியது. எழுதச் சொன்னாலே பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கும் மாணவன் ஒருவன் எழுந்து வந்தான்.

"ஐயா, 'ணை'க்கு எட்டுக் கட்டம் போதாது. பன்னிரண்டு எடுத்துக்கொள்ளலாமா?"

"ஓடு எட்டுதான். வேண்டுமானால் இரண்டு ஓடுகளைச் சேர்த்துக்கொள்."

சேர்த்தான். கொம்பு ஒரு ஓட்டிலும் எஞ்சியது மற்றொன்றிலும் அமர்ந்தன. அந்தக் கொம்பை 'னை', 'லை' ஆகியவற்றுக்கும் பயன்படுத்தலாம் என்பதை அவனே கண்டுபிடித்தான். நிரலாளர் செய்வதும் அதுவே. நான் சொல்லித் தரவில்லை. இப்போது வகுப்புச் சுவரில் நாற்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகள் ஒட்டப்பட்டுள்ளன. 'ஔ' மட்டும் இன்னும் எவருக்கும் அடங்கவில்லை.