படியிறங்கி வந்தவர்

கடந்த ஆண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. காலையில் சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். மதியத்துக்கு மேல் என் அலுவலகத்தார் வருவதாக இருந்தது. கெடாவிலிருந்து வந்திருந்த அப்பா, கைலியும் பனியனுமாக வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, விடியற்காலையிலேயே எழுந்துட்டீங்க. களைப்பா இருக்கும். உள்ளே போய்க் கொஞ்சம் படுங்களேன்" என்றேன்.

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போனார். போகும்போது வெற்றிலைத் தட்டையும் மறக்காமல் கையோடு எடுத்துக்கொண்டார்.

வயதானவரை ஓய்வெடுக்கச் சொல்வதில் தவறு இல்லைதான். ஆனால் நான் ஏன் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் ஓர் உதவி கேட்டார். அவர் கத்தோலிக்கர். அவருடைய தேவாலயத்தில் புனித வின்சென்ட் தே பவுல் சபை என்றொரு குழு இருக்கிறது. மாதம் ஒருமுறை கோலாலம்பூரில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசதியற்ற குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், பால் மாவு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தூக்க ஆள் போதவில்லை என்றார். நான் சைவக் குடும்பத்துக்காரன். அரிசி மூட்டைக்கு மதம் ஏது? சரி என்று கிளம்பினேன்.

அன்று மின்தூக்கி வேலை செய்யவில்லை. வியர்க்க விறுவிறுக்கப் படியேறும்போது, நாமும் நாலு பேருக்கு உதவுகிறோம் என்று மனம் கொஞ்சம் பூரித்தது உண்மை. ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. முதல் மாடியில் தனியாக இருந்த பாட்டி வீட்டைத் தாண்டிப் போய், மேலே இருந்த பெரிய குடும்பங்களுக்கெல்லாம் முதலில் கொடுத்தார்கள். திரும்பி இறங்கும்போதுதான் பாட்டியிடம் வந்தார்கள். கீழிருந்து வரிசையாகக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்று குழுவில் மூத்தவரிடம் கேட்டேன்.

"ஆள் துணை இருக்கிற வீட்டுக்கு முதல்ல போகணும். தனியா இருக்கிறவங்களைக் கடைசியா வச்சுக்கணும். அப்பத்தான் அவங்களோட கூடுதல் நேரம் உட்கார முடியும். நானூறு வருசத்துக்கு முன்னால அவர் எழுதி வச்சது தம்பி" என்றார்.

அந்த ஒரு வரிதான் என்னை வின்சென்டைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தது.

வின்சென்ட் 1581-இல், பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில் தாக்ஸ் நகருக்கு அருகேயுள்ள பூய் என்ற சிற்றூரில் பிறந்தார். ஏழை விவசாயக் குடும்பம். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். சிறு வயதில் ஆடு, பன்றி மேய்த்தார். பையனுக்குப் படிப்பு வருகிறது என்று தெரிந்ததும் தந்தை அவரை நகரத்துக்குப் படிக்க அனுப்பினார். மேற்படிப்புக்காக வீட்டிலிருந்த ஒரு ஜோடி மாட்டையும் விற்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதைப் படித்தபோது, ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் ஜனவரியில் அடகுக்கடைக்குப் போய்வந்த அம்மாவின் சங்கிலிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

1600-இல், இருபது வயதுகூட நிறையாத நிலையில், அவர் குருவானார். ஆனால் அப்போதே ஏழைகளின் தோழராகிவிடவில்லை. நல்ல வருமானமுள்ள ஒரு பதவி கிடைக்க வேண்டும், குடும்பம் நிமிர வேண்டும் என்பதுதான் அவர் கனவாக இருந்தது. 1610-இல் பாரிஸிலிருந்து தாய்க்கு எழுதிய கடிதத்திலும் அந்த எதிர்பார்ப்புதான் தெரிகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் எழுதக்கூடிய கடிதம்தான் அது.

திருப்பம் 1617-இல் வந்தது. ஆகஸ்டு மாதம், ஷாத்தியோன் என்ற ஊரில் ஞாயிறு பூசைக்கு உடை உடுத்திக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் கிடக்கிறார்கள், கவனிக்க ஆளில்லை என்று ஒருவர் வந்து சொன்னார். வின்சென்ட் அதைத் தம் பிரசங்கத்தில் சொன்னார். பிற்பகலில் அந்த வீட்டைப் பார்க்கப் புறப்பட்டவர், வழியெல்லாம் பெண்கள் கூட்டத்தைக் கண்டார். சிலர் உணவோடு போனார்கள். சிலர் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். வெயில் தாங்காமல் சாலையோரம் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

வேறொருவராக இருந்தால் மகிழ்ந்து போயிருப்பார். வின்சென்டுக்கோ கவலை வந்தது. இன்று இத்தனை உணவு குவிந்தால் பாதி கெட்டுப்போகும். நாளை மறுநாள் அந்தக் குடும்பம் மறுபடி பட்டினி கிடக்கும். மக்களிடம் இரக்கம் நிறைய இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை என்று அவர் கண்டுகொண்டார். சில பெண்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வகுத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் எழுத்தில் விதிமுறையும் வந்துவிட்டது.

அந்த விதிமுறையைப் படித்தால், நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கிறது. முகமலர்ச்சியோடு உள்ளே போ. கட்டிலில் துணி விரித்துத் தட்டு, குவளை, கரண்டி வை. நோயாளியின் கையைக் கழுவு. இறைச்சியைச் சிறு துண்டாக நறுக்கிக் கொடு. சொந்த மகனுக்குச் செய்வதுபோலச் செய். துணையுள்ளவரிடம் முதலில் போ. தனித்திருப்பவரிடம் கடைசியில் போ.

1625-இல் கிராமத்து ஏழைகளுக்காக ஒரு குருக்கள் சபையைத் தொடங்கினார். 1633-இல் லூயிஸ் தே மரியாக்குடன் சேர்ந்து அன்பின் புதல்வியர் சபையை உருவாக்கினார். துறவுப் பெண்கள் மதில்களுக்குள் வாழ்ந்த காலம் அது. இவர் அவர்களைத் தெருக்களுக்கும் நோயாளிகளின் வீடுகளுக்கும் அனுப்பினார். பாரிஸில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்தார்கள். கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை பெற்ற கைதிகளைக் கவனித்தார்கள். 1660 செப்டம்பர் 27-இல் வின்சென்ட் மறைந்தார். 1737-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் பெயரில் நண்பர் சேர்ந்திருந்த அந்தச் சபையைத் தொடங்கியவர் பிரெடெரிக் ஓசானாம். 1833-இல், பாரிஸில், இருபது வயது மாணவராக இருந்தபோது சில நண்பர்களோடு சேர்ந்து அதை ஆரம்பித்தார்.

இவ்வளவும் படித்து வியந்தேன். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று.

வின்சென்டின் தந்தை கால் சற்று ஊனமானவர். நல்ல உடையும் கிடையாது. அவரோடு நகரத்தில் நடந்துபோகவும், அவரை அப்பா என்று காட்டிக்கொள்ளவும் சிறுவன் வின்சென்ட் வெட்கப்பட்டான். ஒருமுறை தந்தை பள்ளிக்குத் தேடி வந்தபோது, அவரைப் பார்க்கப் போகவே மறுத்துவிட்டான். இதை வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நாடே மதித்த முதுமையில் வின்சென்டே வாய்விட்டுச் சொன்னார். அந்தத் தந்தை, மகன் குருவாவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1598-இல் இறந்துவிட்டார்.

எனக்கும் ஒரு பள்ளி வாசல் உண்டு. நான்காம் படிவத்தில் நகரத்து விடுதியில் தங்கிப் படித்தேன். ஒரு நாள் அப்பா பால்மரம் சீவிவிட்டு அப்படியே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். சட்டையெல்லாம் பால் கறை. கட்டிப்பால் வாடை. கையில் அம்மா கொடுத்துவிட்ட உணவுச் சட்டி. "யாருடா?" என்று நண்பன் கேட்டான். "எங்க லயத்துல பக்கத்து வீட்டுக்காரர்" என்றேன். அப்பா நாலடி தள்ளி நின்றிருந்தார்.

வெட்கம் ஒரு நாளில் போய்விடுவதில்லை. வின்சென்டையும் அது விடவில்லை. பிற்காலத்தில், பாரிஸில் பெரிய மனிதர்கள் வந்துபோகும் நிலையில் அவர் இருந்தபோது, உடன்பிறந்தாரின் மகன் ஒருவன் ஊர்க்காட்டு உடையில் தேடி வந்தான். யாருக்கும் தெரியாமல் அறைக்கு அழைத்து வரும்படி வின்சென்ட் சொல்லி அனுப்பினார். சொன்ன வேகத்தில் மனம் உறுத்தியது. தாமே கீழே இறங்கி வாசலுக்குப் போய் அவனைக் கட்டித் தழுவினார். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, இல்லத்தில் இருந்த அத்தனை பேரையும் அழைத்து, என் குடும்பத்திலேயே மதிப்புக்குரியவன் இவன்தான் என்று அறிமுகப்படுத்தினார்.

முன்பின் தெரியாத பாட்டிக்கு அரிசி சுமந்து படியேறிய நான், என் வீட்டு அறைவரை ஆறடி நடந்துபோய் அப்பாவைக் கூப்பிடவில்லை. ஊராருக்கு இரக்கம் காட்டுவது எனக்கு எளிதாக இருந்தது. அதில் என் கௌரவத்துக்குக் குறைவில்லை.

அடுத்த வாரமே கெடாவுக்குக் காரை எடுத்தேன். வீட்டு வாசலில் அப்பாவோடு உட்கார்ந்து வின்சென்டின் கதை முழுவதும் சொன்னேன். பிறகு, விடுதி வாசலில் நான் சொன்னதையும் சொன்னேன்.

அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "கேட்டுச்சு தம்பி. வேலை உடுப்போட வந்தது என் தப்புன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் குளிச்சிட்டுத்தானே வருவேன்" என்றார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்கு அது தெரியாது. என்னால் பேச முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

"அந்தச் சொந்தக்காரப் பையனுக்காகச் சாமியார் இறங்கி வந்தாரே, அப்ப அவருக்கு என்ன வயசு?"

"நாற்பதைத் தாண்டியிருக்கும்பா."

"உனக்கு?"

"முப்பத்தெட்டு."

"அப்ப நீ முந்திக்கிட்டே" என்று சிரித்துவிட்டு, வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.