காலி வரிசை

ஸ்பைடர் சாலிடேர் ஆட இரண்டு சீட்டுக்கட்டு வேண்டும். ஜோக்கர்களை எடுத்துவிட்டால் மொத்தம் 104 சீட்டு. எதிராளி வேண்டாம், பணம் வேண்டாம், நான்கு பேர் கூட வேண்டாம். ஒரு பாயும் ஒரு மணி நேரமும் போதும். இதில் பாய் எளிதாகக் கிடைத்துவிடும்.

கட்டுகளை நன்றாகக் கலைத்துப் பத்து வரிசைகளாகப் போட வேண்டும். முதல் நான்கு வரிசைகளில் ஆறாறு சீட்டு, மற்ற ஆறு வரிசைகளில் ஐந்தைந்து. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டு மட்டும் திறந்திருக்கும்; மற்றவை கவிழ்ந்திருக்கும். இதற்கு 54 சீட்டு போய்விடும். மீதி 50 கையிருப்பு. பத்தின் மேல் ஒன்பது, ஒன்பதின் மேல் எட்டு என்று இறங்குவரிசையில் அடுக்கிக்கொண்டே போகலாம். ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர் எதுவானாலும் சரி. ஆனால் அடுக்கை மொத்தமாகத் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டுமென்றால் அதிலுள்ள எல்லாம் ஒரே இனமாக இருக்க வேண்டும். மேலிருப்பதை நகர்த்தியதும் கவிழ்ந்த சீட்டு வெளிப்பட்டால் அதைத் திருப்பிக்கொள்ளலாம். நகர்த்த வழியில்லாதபோது கையிருப்பிலிருந்து வரிசைக்கு ஒன்றாகப் பத்துச் சீட்டு இறக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. ராஜாவிலிருந்து ஆஸ் வரை ஒரே இனத்தில் 13 சீட்டும் சேர்ந்துவிட்டால் அந்த அடுக்கை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். எட்டு அடுக்கும் வெளியேறினால் ஜெயம். சிலந்திக்கு எட்டுக் கால், அதனால்தான் இந்தப் பெயர் என்பார்கள்.

தனியாக ஆடும் சீட்டாட்டங்களுக்கு இங்கிலாந்தில் பொதுப் பெயர் ‘பேஷன்ஸ்’. பொறுமை. 19ஆம் நூற்றாண்டில் லேடி அடிலெய்ட் கடோகன் என்ற பெண் இவற்றைத் தொகுத்துப் படங்களோடு புத்தகமாக்கினார். அவருக்குப் பின் மேரி விட்மோர் ஜோன்ஸ் இதே பொருளில் வரிசையாகப் புத்தகங்கள் எழுதினார். நம்மிடமும் தனியாக ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு: பல்லாங்குழியில் சீதைப் பாண்டி. அசோகவனத்தில் தனித்திருந்த சீதை ஆடியது என்று கதை சொல்வார்கள். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து விளையாடுகிறாள் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. நம் கதை கண்டுபிடித்த காரணம் சிறை. அவளுக்கு அந்த ஆட்டம் பிடித்திருந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்பா இறந்த இரண்டாம் வருடம் அம்மாவுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அப்போது அவருக்கு 67 வயது. சீட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. ரம்மிக்கும் இரண்டு கட்டு வேண்டும் என்பதால் அப்பாவின் கட்டுகள் பீரோவில் அப்படியே இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் நண்பர்களும் முன்னறையில் ஆடுவார்கள். அம்மா மூன்று சுற்று டீ போடுவார். அத்தனை வருடத்தில் அவர் அந்தச் சீட்டுகளைத் தொட்டது, எல்லோரும் எழுந்துபோன பிறகு பொறுக்கி அடுக்கும்போது மட்டும்தான். “எண்ணித்தான் வெப்பேன். ஒண்ணு கொறஞ்சாலும் உங்கப்பா என்னத்தான் கேப்பாரு” என்றார்.

முதலில் இனம் பார்க்காமல் ஆடச் சொன்னேன். புதிதாகக் கற்பவர்களுக்கு அதுதான் வழி. விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் இதை ஆடியவர்களுக்கு ஒரு இனம், இரண்டு இனம், நான்கு இனம் என்ற மூன்று நிலைகள் நினைவிருக்கும். கையால் ஆடும்போது இரண்டு இனத்துக்குச் சிவப்பு, கறுப்பு என்று பிரித்துக்கொண்டால் போதும். பத்தே நாளில் அம்மா சிவப்பு கறுப்புக்கு வந்துவிட்டார். ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் துண்டை எடுத்துச் சீட்டுகளின் மேல் போர்த்திவிடுவார்.

அண்ணன் ஒருநாள் பார்த்துவிட்டார். “வீட்டுக்கு நாலு பேர் வந்துபோறாங்க. இந்த வயசுல சீட்டாடிட்டு உக்காந்திருந்தா என்ன நெனப்பாங்கம்மா? சும்மா இருக்கிற நேரத்துல திருவாசகம் படிக்கலாமில்ல?” என்றார். அப்பா ஆடிய காலத்திலும் அதே முன்னறைக்கு நாலு பேர் வந்தார்கள். அவர்கள்தான் கூட உட்கார்ந்து ஆடினார்கள்.

சும்மா இருத்தலைப் பெரிய நிலையாகச் சொல்லும் சைவ மரபை வகுப்பில் பல வருடங்களாக நடத்துகிறேன். வீட்டில் ஒரு பெண்ணிடம் ‘சும்மாதானே இருக்கே’ என்று சொன்னால் அது அடுத்த வேலைக்கான முன்னுரை.

ஸ்பைடரின் உயிர் காலி வரிசையில் இருக்கிறது. ஒரு வரிசையிலுள்ள எல்லாச் சீட்டையும் நகர்த்திவிட்டால் அந்த இடம் காலியாகும். அங்கே எதை வேண்டுமானாலும் வைக்கலாம். கலந்து கிடக்கும் அடுக்குகளைத் தற்காலிகமாக இறக்கிவைத்து இனம் பிரிக்க அந்த இடம்தான் உதவும். ராஜாவுக்கு மேல் சீட்டு கிடையாது என்பதால் அதை வேறெதன் மேலும் வைக்க முடியாது. அதற்கும் காலி வரிசைதான் போக்கிடம். இடம் காலியானதும் புதியவர்களின் கை ராஜாவைத் தேடிப் போகும். உட்காரவைத்துவிட்டால், அடுக்கு முழுமையாகும்வரை அநேகமாக அந்த வரிசை ராஜாவுக்குத்தான். நான் இதை விளக்கும் முன்பே அம்மா பிடித்துக்கொண்டார். “ராஜாவுக்கு என்ன அவசரம்? கெடக்கட்டும். மொதல்ல இந்தச் சின்னச் சீட்டையெல்லாம் பிரிச்சுக்கறேன்.”

ஒரு விதியை மட்டும் அவர் ஏற்கவில்லை. கையிருப்பை இறக்கும்போது எந்த வரிசையும் காலியாக இருக்கக் கூடாது. ஏதாவது ஒரு சீட்டையாவது வைத்து நிரப்பியாக வேண்டும்.

“கஷ்டப்பட்டு ஒரு எடத்தக் காலி பண்ணா அதையும் ரொப்பணுமா?”

“ஆமாம்மா, விதி அப்படி.”

“யாரு போட்ட விதி?”

என்னிடம் பதில் இல்லை. விடைத்தாள் கட்டு முடிந்த மாலையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்பதும், கவிதைக்கென்று ஒதுக்கிய சனிக்கிழமை காலையில் கல்லூரியிலிருந்து கூட்டத்துக்கு அழைப்பு வருவதும் எனக்குப் பழகிவிட்டது. பழகியதால் அந்த விதியை இவ்வளவு நாள் கேள்வி கேட்காமல் ஆடியிருக்கிறேன் போலும். விதிப்படி ஆடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய உத்தி இதுதான்: நிரப்பியே ஆகவேண்டுமென்றால், அந்த இடத்தை வைத்துப் பிரிக்க முடிந்ததையெல்லாம் பிரித்து முடித்த பிறகு நிரப்புங்கள். கையிருப்பு உங்களை அவசரப்படுத்தாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

இந்த விதியைத் தளர்த்தி ஆடுகிறவர்களும் உண்டு என்று பிறகு அம்மாவிடம் சொன்னேன். அதற்குள் அவர் அதை எடுத்தே விட்டிருந்தார். காலி வரிசை இருந்தாலும் அடுத்த பத்தை இறக்குகிறார். காலி இடத்திலும் ஒன்று விழுகிறது, விழட்டும், நானாக ஏன் ரொப்பணும் என்கிறார். இப்போது நான்கு இனமும் வைத்து ஆடுகிறார். பெரும்பாலும் தோற்கிறார். கலைத்துப்போட்டு மறுபடி ஆடுகிறார்.

துண்டு போர்த்துவது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு அண்ணன் வந்தபோது முன்னறையில் பாய் விரித்திருந்தது, பத்து வரிசையும் திறந்து கிடந்தன. அம்மா தலை நிமிரவில்லை.

“பாத்து வாப்பா, மிதிச்சிராத. அடுப்புல டீ இருக்கு, சூடு பண்ணிக்கோ.”