கடைசிப் பரேடு

ஜனவரி மூன்றாவது வாரம். விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சாந்தோம் பேராலயத்தைத் தாண்டியதுமே ஆட்டோக்காரர் ஓரங்கட்டிவிட்டார். "குடியரசு தின ரிகர்சல் சார். இதுக்கு மேல விடமாட்டாங்க, நடந்துதான் போகணும்."

நடந்தேன். கலங்கரை விளக்கத்தை நெருங்க நெருங்க முகத்தில் உப்புக் காற்று பிசுபிசுத்தது. காமராஜர் சாலை ஓரம் ராணுவ வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு முன்னால் ஒரு புல்லட். அதன் பக்கத்தில் குந்தியிருந்தவரின் தலையில் சிவப்புத் தொப்பி, இடுப்பில் வெள்ளை பெல்ட். ராணுவப் போலீஸ். ஹவில்தாராம். குடியாத்தம் பக்கத்து ஊர்க்காரர் என்பதால் பேச்சு சுலபமாகத் தொடங்கியது.

பேட்டரி மூடியைக் கழற்றியிருந்தார். டெர்மினலில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து, செம்பு பளிச்சிடும்வரை தேய்த்தார். சட்டைப் பையிலிருந்த டப்பாவைத் திறந்து, விரல் நுனியில் கொஞ்சம் வாசலின் எடுத்துத் தடவினார். பிறகு கிளட்ச் கேபிள், செயின், சக்கரக் கம்பிகள் என ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"நேத்து ராத்திரிதான் துடைச்சேன். கடலோரம் வந்தா ஒரே ராத்திரியில பூத்துடும் சார்."

"ரிகர்சலுக்கா இவ்வளவு?"

"ரிகர்சலுக்கு இல்ல. இது ஃபர்ஸ்ட் பரேட்."

அணிவகுப்பு என்றால் பூட்ஸ் சத்தமும் பேண்டு வாத்தியமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ராணுவத்தில் வண்டியைப் பரிசோதிப்பதற்கும் பரேடு என்றுதான் பெயர். கிளம்பும் முன் ஃபர்ஸ்ட் பரேட். வழியில் நிற்கும்போது ஹால்ட் பரேட். திரும்பி வந்து நிறுத்திய பிறகு லாஸ்ட் பரேட். இவற்றில் கடைசிதான் முக்கியம் என்றார். களைத்து வந்தவனுக்குக் குளியலும் சோறும் பிறகுதான். முதலில் டேங்கை ரொப்ப வேண்டும், டயரில் காற்றுப் பார்க்க வேண்டும், பழுது இருந்தால் எழுதி வைக்க வேண்டும். "நடுராத்திரி கூப்பிட்டா அப்பத்தான் கிளம்ப முடியும்."

ராணுவப் போலீஸ் என்றால் சிப்பாய்களின் ஒழுங்கைக் கண்காணிப்பவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதி வேலை. போர்க்காலத்தில் படை வண்டிகளுக்கு வழிகாட்டுவதும், சந்திப்புகளில் நின்று எந்த வண்டி முன்னே, எது பின்னே என்று பிரித்து விடுவதும், பிடிபட்ட கைதிகளைக் காவலோடு பின்னே அனுப்புவதும் இவர்கள் பொறுப்பு. முன்னால் போகும் ஒரு பைக் படுத்துவிட்டால் பின்னால் வரும் நூறு லாரிகளும் நின்றுவிடும்.

இவர்களின் பயிற்சி மையம் பெங்களூரில் இருக்கிறது. இந்தியாவில் தயாரான புல்லட்டுக்கோ சொந்த ஊரே சென்னை. ராணுவத்தின் தேவையை ஒட்டித்தான் 1955-இல் திருவொற்றியூரில் அதைத் தயாரிக்கும் ஏற்பாடு தொடங்கியது. கடற்காற்றில் பிறந்த வண்டிக்கும் துரு மட்டும் சலுகை காட்டுவதில்லை.

அணிவகுப்பு ஒத்திகை தொடங்கியது. ராணுவம், கடற்படை, காவல்துறை, குதிரைப்படை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். வெயில் ஏறும் நேரத்தில் முடிந்தது, கூட்டம் கலைந்தது. ஹவில்தார் மறுபடி துணியை எடுத்துக்கொண்டு குந்தினார். அந்த வேலையைப் படம் எடுக்க யாரும் நிற்கவில்லை.

திரும்பும் வழியில் சாந்தோமின் பழைய கதை நினைவுக்கு வந்தது. போர்ச்சுகீசியர் எழுப்பிய கோட்டை இங்கே இருந்தது. 1672 ஜூலையில் பிரெஞ்சுத் தளபதி தெ லா ஹே, அப்போது அதை வைத்திருந்த கோல்கொண்டா சுல்தானகத்திடமிருந்து பிடித்தார். தரையில் கோல்கொண்டா படை, கடலில் டச்சுக் கப்பல்கள். முற்றுகைக்குள் இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்து, 1674 செப்டம்பரில் சரணடைந்தார். பிறகு மதில்களை கோல்கொண்டா இடித்துத் தள்ளியது. பிடிப்பதற்கு வேண்டியது துணிச்சல். வைத்துக்கொள்வதற்குத் தானியக் கிடங்கு, மருந்துக் கிடங்கு, கப்பல் என்று தினமும் பார்த்துப் பார்த்துச் செய்யும் வேலை வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் என் ஸ்கூட்டரின் பேட்டரி மூடியைக் கழற்றினேன். டெர்மினல் முழுக்கப் பச்சை. வீட்டில் உப்புத்தாள் இல்லை.