ஓடுபாதை இல்லாத இடத்தில்: சில குறிப்புகள்

1930 மே மாதம் ஏமி ஜான்சன் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியாகப் பறந்தார். ஜிப்ஸி மாத் விமானம்; இறக்கையெல்லாம் மரச்சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய துணி. பறந்த கதையைவிட அவர் இறங்கிய கதைதான் சுவாரசியம். ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். ரங்கூனில் குதிரைப் பந்தய மைதானத்தில் இறங்குவதாகத் திட்டம். மழையில் அது கண்ணுக்குத் தட்டுப்படாமல், பக்கத்தில் இன்செய்னில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியின் விளையாட்டுத் திடலில் இறக்கிவிட்டார். வேகம் அடங்குவதற்குள் திடல் தீர்ந்துவிட்டது. ஓரத்துப் பள்ளத்தில் போய் விழுந்ததில் இறக்கை, புரொப்பெல்லர், சக்கரச் சட்டம் எல்லாம் சேதம்.

விழுந்த இடம் நல்ல இடம் என்றுதான் சொல்ல வேண்டும். பழுது பார்க்க ஆள் இருந்தது. மாற்று புரொப்பெல்லர் ஒன்றை அவரே விமானத்தோடு கட்டி எடுத்து வந்திருந்தார். கிழிந்த இறக்கைக்குத் துணி? முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அந்த ஊரில் இருந்தனவாம். அவற்றைப் பிரித்து ஒட்டுப் போட்டார்கள்.

பிறகு தீமோரில் கறையான் புற்று நிறைந்த ஒரு வெளியில் இறங்கியும் தப்பினார். மே 24 டார்வின். மே 29 அன்று பிரிஸ்பேனில், முறையான விமானதளத்தில், பெருங்கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, தளத்தைத் தாண்டி ஓடி விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

*

கணக்கு ஒன்று. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடும் விமானம், புவியீர்ப்பைப் போல 9 மடங்கு விசையோடு சீராக நின்றால், நிற்க 3 மீட்டர்கூட வேண்டாம். சிறிய விமானங்களின் இருக்கையும் வாரும் முன்பக்கமாக அந்த அளவு விசையைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகின்றன. வேகம் 160 ஆனால் தூரம் 11 மீட்டர்: இரட்டிப்பு வேகத்துக்கு நான்கு மடங்கு. அதனால்தான் எதிர்க்காற்றில் இறங்கு என்று விமானப் பயிற்சி ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். காற்று தின்கிற வேகத்தை உடம்பு தாங்க வேண்டியதில்லை.

நிற்கக் கிடைக்கும் தூரம் நீண்டால் உடம்பு தப்பும் என்பதற்கு நல்ல சாட்சி, பிரெஞ்சு எழுத்தாளரும் விமானியுமான செந்த்-எக்சுபெரி. 1935 டிசம்பர் கடைசியில், பாரிஸ்-சைகோன் பந்தயத்தில், இரவில் மேகத்துக்குள் வழி தவறி, லிபியப் பாலைவனத்தில் மணிக்குச் சுமார் 270 கி.மீ. வேகத்தில் தரையில் மோதினார். அவரும் மெக்கானிக் பிரேவோவும் பிழைத்தார்கள். மோதியது மெல்லிய சரிவு. தரை முழுக்க உருண்டைக் கூழாங்கற்கள். சக்கரமும் இறக்கையும் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லாததால் விமானம் ஏறத்தாழ 250 மீட்டர் சறுக்கிக்கொண்டே போனது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சராசரியாக ஒரு மடங்கு புவியீர்ப்பைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பிறகு தாகம்தான் அவர்களைக் கொல்லப் பார்த்தது. ஒரு பெதூயின் நாடோடி வந்து தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார்.

*

ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்தால் எந்த வயலும் பாய் விரித்த மாதிரிதான் தெரியும். வரப்பு, வாய்க்கால், மாட்டுக்குப் போட்ட கம்பிவேலி எல்லாம் கடைசி நூறடியில்தான் தலைகாட்டும். மின்கம்பி அப்போதும் தெரியாது. கம்பத்தைத் தேடித்தான் கம்பியை ஊகிக்க வேண்டும். உழுத நிலமென்றால் சாலோடு சேர்த்து இறங்க வேண்டும். குறுக்கே இறங்கினால் மூக்குச் சக்கரம் புதைந்து விமானம் குட்டிக்கரணம் போடும். உயரமாக வளர்ந்த பயிரிலும் இதே கதி. தொடுவதற்கு முன்பே கதவைத் திறந்து இடையில் எதையாவது செருகி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்: சட்டம் நெளிந்தால் கதவு திறக்காது.

அலாஸ்காவில் ஆற்று மணல்திட்டில் இறங்குகிறவர்கள் வேறு ரகம். வால்சக்கர விமானம், பருத்த டயர். முதல் சுற்றில் சக்கரத்தை மண்ணில் லேசாக உருட்டிவிட்டு மேலேறி, திரும்பி வந்து தடத்தைப் பார்ப்பார்கள். தடம் ஆழமாக இருந்தால் வேறு திட்டு. எஞ்சின் ஓடுகிறவரைக்கும்தான் இந்த சௌகரியம்.

*

எஞ்சின் நின்ற பிறகு விமானத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். அதோ அந்த நல்ல வயல்வரை போய்விடலாம் என்று மூக்கைத் தூக்குவார்கள். வேகம் குறைந்து விமானம் தூக்குவிசை இழந்து, அதாவது ஸ்டால் ஆகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். மோசமான நிலத்தில் கட்டுப்பாட்டோடு மோதுவது அதைவிட எவ்வளவோ மேல். விமானம் இன்ஷூரன்ஸ்காரர் பாடு.

*

2015 மார்ச் 5. சாண்டா மோனிகாவில் நடிகர் ஹாரிசன் ஃபோர்டின் ரயன் பி.டி.-22, கிளம்பிய சற்று நேரத்தில் சக்தி இழந்தது. நிலையத்துக்குத் திரும்பப் பார்த்தார், எட்டவில்லை. வழியில் ஒரு மரத்தின் உச்சியில் இடித்து, கோல்ஃப் திடலில் விழுந்தார். பிழைத்தார், ஆனால் பலத்த காயம். விசாரணையில் தெரிந்தது: கார்ப்புரேட்டரில் எரிபொருள் செல்லும் ஒரு ஜெட் தன் மரையிலிருந்து கழன்றிருந்தது. காயத்துக்கு இன்னொரு காரணமும் சொன்னார்கள். தோள் வாரை இருக்கையின் முதுகுத் தகட்டில் எந்த வலுவூட்டலும் இல்லாமல் மாட்டியிருந்தார்கள். மோதலில் அது பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அந்த விமானத்தில் தோள் வார் முதலில் கிடையாது. பின்னாளில் பாதுகாப்புக்கென்று மாட்டியதுதான் அது.