உறங்கும் புளி

ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாளையும் உடையவரையும் சேவித்துவிட்டு வீடு திரும்பும் பெரியவர் ஒருவர், உள்ளே நுழைந்ததும் முதலில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மூன்றாம் மாடியிலுள்ள தம் வீட்டுப் பால்கனிக்குச் சென்று, அங்கே ஒரு மண் தட்டில் நிற்கும் முழ உயரப் புளியமரத்தின் மண்ணை விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார். ஈரம் இருந்தால் கைகூப்பிவிட்டு உள்ளே போவார். உலர்ந்திருந்தால் நீர் வார்ப்பார். ஆறு ஆண்டுகளாக இந்த வழக்கம் தவறியதில்லை.

அவருடைய சொந்த ஊர் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் 16 ஆண்டுகள் மௌன யோகத்தில் எழுந்தருளியிருந்த புளியமரமே அவ்வூர்க் கோயிலின் தல விருட்சம். மற்றப் புளியமரங்கள் மாலையானதும் இலைகளை மூடிக்கொள்ளும். அந்த மரத்தின் இலைகளோ இரவிலும் மூடுவதில்லை என்பது ஐதிகம். அதனால் அதற்கு 'உறங்காப்புளி' என்று பெயர். ஆதிசேடனே மரமாக நின்று ஆழ்வாருக்கு நிழல் தந்தான் என்பர் பெரியோர். அந்த ஆதிசேடனின் அம்சமாக 1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தவரே ராமாநுஜர்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே இத்தகைய உறவு இருந்தும், பெரியவருக்கு ஸ்ரீபெரும்புதூர் முதலில் ஒட்டவில்லை. மகனுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முதுமையில் தனியாக இருக்க வேண்டாம் என்று அவன்தான் பெற்றோரை அழைத்து வந்தான். ஊரில் வாசற்படியில் உட்கார்ந்தால் போவோர் வருவோரெல்லாம் நலம் விசாரிப்பார்கள். இங்கே கீழே பார்த்தால் சரக்குப் பெட்டிகளை ஏற்றிய லாரிகளும், ஷிப்டு மாறும் நேரத்தில் வரிசையாகச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளும்தான். 'வேரோடு பிடுங்கி வந்து மாடியில் வைத்துவிட்டார்கள்' என்று மனைவியிடம் அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

அந்நாளில் சிங்கப்பெருமாள்கோயில் சாலையை ஒட்டி ஓரிடத்தில் சாலையை அகலப்படுத்தும் பணி நடந்துகொண்டிருந்தது. ஓரத்தில் நின்ற முதிய புளியமரம் ஒன்று வெட்டப்பட்டு, அடிக்கட்டை மட்டும் எஞ்சியிருந்தது. அதன் அருகே, எப்போதோ உதிர்ந்த பழங்களின் விதைகள் முளைத்து, விரல் நீளக் கன்றுகள் நின்றன. பெரியவர் அவற்றையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட ஜேசிபி ஓட்டுநர், "வேணும்னா எடுத்துக்கோங்க ஐயா. சாயங்காலம் இங்கே ஜல்லி கொட்டிடுவோம்" என்றார். பெரியவர் குனிந்து ஒரு கொட்டாங்கச்சியால் மண்ணைப் பறித்து, இரண்டு கன்றுகளை வேர் சிதையாமல் எடுத்து, தோளிலிருந்த துண்டை நனைத்துச் சுற்றிக்கொண்டார்.

வீட்டில் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. "என்னங்க, புளியங்கன்றைப் போய் யாராவது வீட்டுக்குள்ளே கொண்டு வருவாங்களா?" என்றார்.

"ஆழ்வார் இருந்த இடம் எதுன்னு மறந்துட்டியா?" என்று கேட்டார் பெரியவர். அம்மையார் அதற்குமேல் பேசவில்லை.

இரண்டு கன்றுகளில் ஒன்று பெருமாள் படத்தின் அருகே பூஜை அறையிலும், மற்றொன்று பால்கனியிலும் வைக்கப்பட்டன. பூஜை அறைக் கன்றுக்கு நாள்தோறும் தவறாமல் நீர் வார்த்தார். மூன்றாவது வாரம் அதன் இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. தூக்கிப் பார்த்தபோது வேர் அழுகிப்போயிருந்தது. வெயில் இல்லாத இடத்தில், மண் உலருமுன்னே மேலும் மேலும் ஊற்றிய நீரே அதைக் கொன்றது. ஏறத்தாழ மறக்கப்பட்டு, வெயிலிலும் காற்றிலும் நின்ற மற்றொரு கன்று செழித்திருந்தது. அன்பு மிகுந்தால் போதாது, யாருக்கு எது வேண்டும் என்று அறிந்து அளிப்பதே அன்பு என்று பெரியவர் அன்று உணர்ந்தார். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் அன்றுதான் தொடங்கியது.

சில மாதங்களில், தொழிற்சாலைப் பயிற்சிக்காக ஜப்பான் சென்றிருந்த மகன் திரும்பி வந்தான். அவனுடைய கைப்பேசியில் மேப்பிள் மரங்களின் படங்கள் இருந்தன. ஒரு சாண் தட்டில், இலையெல்லாம் செந்நிறமாக, நூறு வயது மரம்போலத் தோன்றும் போன்சாய் மரங்கள் அவை. போன்சாய் என்பதற்குத் தட்டில் நடப்பட்டது என்று பொருள். சீனாவில் தோன்றி ஜப்பானில் வளர்ந்த கலை இது. நம் நாட்டில் இக்கலையைப் பழகுவோர் 'வாமன விருட்சம்' என்று அழைப்பதுண்டு. விதையிட்டு வளர்ப்பது மட்டுமன்றி, மலையிலும் காட்டிலும் தாமாக முளைத்த கன்றுகளை எடுத்து வந்து வளர்ப்பதும் ஜப்பானியர் வழக்கம்.

பேரன் தனக்கும் ஒரு மேப்பிள் வேண்டும் என்று அடம்பிடித்தான். ஆனால் மேப்பிள் குளிர்நாட்டு மரம். இலையுதிர்த்துவிட்டுச் சில மாதங்கள் கடுங்குளிரில் ஓய்வு கொண்டால்தான் அடுத்த ஆண்டு தளிர்க்கும் வலிமை அதற்கு வரும். நம் தை மாதப் பனி அதற்குப் போதாது. "அந்தந்த மண்ணுக்கு அந்தந்த மரம்டா" என்று சொல்லி மகன் பால்கனிக் கன்றைக் காட்டினான். சிற்றிலையும், வெயிலைத் தாங்கும் உடலும், வெட்டிய இடத்தில் மீண்டும் துளிர்க்கும் குணமும் உள்ள புளி, இக்கலைக்கு மிகவும் ஏற்றது.

மறு ஆடி மாதத்தில்தான் சோதனை வந்தது. ஆழமில்லாத தட்டுக்குக் கன்றை மாற்ற வேண்டுமானால், நேராகக் கீழே இறங்கும் ஆணிவேரை வெட்ட வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர் ஒருவர் முறையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஆற்று மணல், சலித்த செங்கல் துண்டுகள், செம்மண், மக்கிய சாண எரு எல்லாம் தயாராயின. தட்டின் துளைகள் மேல் ஓட்டுச் சில்லுகளும் வைத்தாயிற்று. பேரன் கத்தரியை நீட்டினான். பெரியவர் வாங்க மறுத்துவிட்டார்.

"மூலத்தையே அறுத்துவிட்டு அதை வாழச் சொல்வதா? என்னால் முடியாது" என்றார். குரல் கம்மியது. அவர் மரத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது மகனுக்குப் புரிந்தது. அவன் தலைகுனிந்து நின்றான்.

நாற்றுப்பண்ணைக்காரர் அமைதியாகச் சொன்னார்: "ஐயா, ஆணிவேர் பிடிச்சு நிக்கிறதுக்கு. சாப்பாடு எடுக்கிறது முக்கியமா சல்லிவேருங்கதான். ஆணியைக் குறைச்சாத்தான் சல்லி பெருகும்."

பெரியவர் எழுந்து கோயிலுக்குப் போனார். உடையவர் சந்நிதியில் நெடுநேரம் நின்றார். ராமாநுஜர் தம் காலத்திலேயே சமைக்கப்பட்ட விக்கிரகத்தைத் தழுவித் தம் ஆற்றலை அதில் செலுத்தியதாக வரலாறு. அதனால் அது 'தானுகந்த திருமேனி' எனப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் பார்த்து வந்த அந்தத் திருமேனியைப் பார்க்கும்போது, அன்று அவருக்கு ஒன்று புதிதாகத் தோன்றியது. இவ்வூரில் பிறந்தவர் இவ்வூரிலேயே இருந்துவிடவில்லையே! காஞ்சிக்குச் சென்றார், திருவரங்கத்தைத் தம் இடமாகக் கொண்டார், இன்னல் வந்தபோது மேல்கோட்டையில் 12 ஆண்டுகள் வாழ்ந்தார். சென்ற இடமெல்லாம் சீடர்கள் பெருகினார்கள். பிறந்த மண்ணோடு மட்டும் நின்றிருந்தால் அந்த நிழல் இத்தனை பேரை எட்டியிருக்குமா?

திரும்பி வந்து கத்தரியை அவரே வாங்கிக்கொண்டார். ஒரே வெட்டு. பக்கவேர்களைத் தட்டில் விரித்து, மண்ணிட்டு, நீர் தெளித்து, நிழலில் வைத்தார்.

நான்கு நாட்களில் இலைகள் அனைத்தும் உதிர்ந்தன. வெறும் குச்சி நின்றது. பெரியவருக்கு உணவு செல்லவில்லை. பத்தாம் நாள் நாற்றுப்பண்ணைக்காரர் வந்து, நகத்தால் பட்டையை மயிரிழை அளவு கீறிக் காட்டினார். உள்ளே பச்சை இருந்தது. "உயிர் இருக்குங்க ஐயா. பொறுத்துக்கோங்க" என்றார். நான்காவது வாரத்தில், கணுவொன்றில் கடுகளவு செந்துளிர் தலைகாட்டியது. முதலில் கண்டவர், புளி வேண்டாமென்று சொன்ன அம்மையார்தான். அவர் அன்று சர்க்கரைப் பொங்கல் செய்து பெருமாளுக்கு நிவேதனம் செய்தார்.

அதன்பின் ஆண்டுகள் ஓடின. தளிர் ஏழெட்டு இலை விட்டதும் இரண்டை நிறுத்தி மற்றதைக் கிள்ளுவது, கிளையை வளைக்கச் செம்புக் கம்பி சுற்றுவது, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மண் மாற்றுவது எல்லாம் பழகிவிட்டன. ஒருமுறை கம்பியை அவிழ்க்க மறந்ததால் பட்டையில் அது பதிந்து தழும்பானது. இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது. மரத்தைக் காட்டும்போதெல்லாம் பெரியவர் அதையும் மறைக்காமல் காட்டுவார்.

"பெரிதாக வளர வேண்டியதைக் குறுக்கி வைப்பது பாவமில்லையா?" என்று அம்மையார் ஒருநாள் கேட்டார். "இதைப் பட்டினி போட்டுச் சிறிதாக்கவில்லை. நீரும் எருவும் வெயிலும் குறையாமல் கொடுக்கிறோம். மூவுலகையும் அளந்தவன் முதலில் குறளனாகத்தானே வந்து நின்றான்? அந்த உருவத்தில் அவனுக்கு என்ன குறைந்தது?" என்றார் பெரியவர்.

ஒரு கவலை மட்டும் அவரிடம் இருந்தது. தமக்குப் பின் யார் நீர் வார்ப்பார்கள்? அதற்கும் மகன் சொன்ன செய்தி ஒன்று மருந்தாயிற்று. ஜப்பானில் ஹிரோஷிமா நகரில் யமாகி என்ற குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளைப் பைன் போன்சாயை வளர்த்து வந்தார்கள். 1625 முதல் வளர்க்கப்பட்டு வருவதாகச் சொல்லப்படும் மரம் அது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது, தோட்டத்துச் சுவரின் மறைவில் அது பிழைத்தது. 1976-இல் அந்தக் குடும்பத்தார் அதை அமெரிக்காவுக்கே நன்கொடையாகக் கொடுத்தார்கள். அது குண்டுவீச்சில் தப்பிய மரம் என்பது பெற்றுக்கொண்டவர்களுக்கு நெடுங்காலம் தெரியாது. 2001-இல் அக்குடும்பத்துப் பேரர்கள் வாஷிங்டனுக்கு வந்து மரத்தைப் பார்த்தபோதுதான் வெளிப்பட்டது. ஒரு தட்டு மரம் கை மாறிக் கை மாறி 400 ஆண்டுகளாக வாழ முடிகிறது. பகைவராக இருந்தவர் கையிலும் அது வாழ்ந்தது.

அதைக் கேட்டது முதல் பேரனும் தாத்தாவோடு மண்ணைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினான். ஒருநாள் அந்தியில் மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாகக் கூப்பிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க ஊர்ல இருக்கிறது உறங்காப்புளி. இது உறங்கும் புளி!" என்று சிரித்தான்.

"ஆமாம்டா. இந்த வீட்டுல உறங்காம இருக்கிறது உங்க அப்பாதான்" என்றார் தாத்தா.

மகனுக்கு அந்த வாரம் இரவு ஷிப்டு. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் கம்பெனிப் பேருந்து கீழே வந்து நின்றது. பெரியவர் அப்போதே நீராடித் திருமண் இட்டுக்கொண்டு பால்கனியில் நின்றிருந்தார். புளியின் இலைகள் மெல்ல விரிந்துகொண்டிருந்தன. களைத்து வந்த மகன், "ஊருக்கு ஒருமுறை போய்விட்டு வரலாமாப்பா?" என்று கேட்டான்.

"போகலாம். ஆழ்வாரைச் சேவிச்சு நாளாச்சு" என்ற பெரியவர், சற்று நிறுத்தி, "ஆனா சித்திரைத் திருவாதிரைக்கு முன்னாடி இங்கே வந்துடணும். உடையவர் உற்சவத்துக்கு நாம ஊர்ல இல்லாம இருக்கலாமா?" என்றார்.

இந்த முறை 'ஊர்' என்று அவர் சொன்னது ஸ்ரீபெரும்புதூரை.