கும்மிடிப்பூண்டி ரோடும் கல்லாகிப் போன பிரேக்கும்

சென்னையிலிருந்து வடக்கே கிளம்பும் ஜி.என்.டி. ரோட்டில் கார் ஓட்டுபவர்களுக்கு வலது காலில்தான் உயிர். கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடு என்பது முழுப் பெயர். கொல்கத்தா வரை போகிற தேசிய நெடுஞ்சாலை 16. புழல் ஏரி, செங்குன்றத்து அரிசி மண்டிகள், சோழவரம், காரனோடைப் பாலம், தச்சூர் கூட்டுரோடு, கவரைப்பேட்டை என்று ஊர்கள் வரிசையாக வரும். கூடவே இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர்களும், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும் வரும். டிரெய்லரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் கட்டிய சிவப்புத் துணி உங்கள் கண்ணாடிக்கு நேரே ஆடும்போது, பிரேக் பிடிக்கிறதா என்பது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

வேடிக்கை என்னவென்றால், பிரேக்குக்கும் இந்தப் பக்கத்துக்கும் பழைய உறவு. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. போர் முடிந்த பிறகு அதில் பறந்தவை கார்களும் பைக்குகளும்தான். கோவை கரிவரதன் போன்றவர்கள் ஓட்டிய ரேஸைப் பார்க்க ஊரே திரளும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் வந்ததும் அந்தச் சத்தம் ஓய்ந்தது. அம்பத்தூர் பக்கம் பாடியில் 1962-ல் ஆரம்பித்த பிரேக்ஸ் இந்தியா, நாடு முழுவதும் ஓடும் வண்டிகளுக்கு பிரேக் செய்து தருகிறது. திருவள்ளூரில் 1998-லிருந்து மிட்சுபிஷி லான்சர் கார் தயாரானது. வடசென்னைக்காரர்கள் போனட்டைத் திறந்து பார்க்கக் கூச்சப்படாததற்கு இதெல்லாம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன மெக்கானிக் ஷெட். பக்கத்து டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. கணவனும் மனைவியும் இறங்கினார்கள். கணவருக்கு சிப்காட்டில் இரும்பு ஆலை வேலை. மனைவி சொந்த வீடு வேண்டி சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை நேர்ந்துகொண்டவர். வாரா வாரம் அவரேதான் காரை ஓட்டிக்கொண்டு போகிறார்.

“பிரேக் பெடல் கல்லாட்டம் இருக்குதுண்ணா. மூணாவது வாரத்துலேர்ந்தே சொல்றேன்.”

“நான் மிதிச்சா நிக்குதே! இவளுக்குக் கால்ல பலம் பத்தல,” என்றார் கணவர்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. “அக்கா சொல்றதுதான் சார் கணக்கு. உங்க கால் பலத்துல நிக்குது, அதனால உங்களுக்குத் தெரியல.”

பெடல் எப்படி இருக்கிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும் என்றார் அவர். பஞ்சு மாதிரி அமுங்கினால் பெரும்பாலும் லைனில் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே போனால், எங்காவது ஆயில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர். கல் மாதிரி இருந்தால் முதல் சந்தேகம் பூஸ்டர் மேல்.

பூஸ்டர் என்பது என்ஜினுக்குப் பின்னால் தெரியும் கறுப்புத் தட்டு மாதிரியான டப்பா. 1927-ல் பெல்ஜியத்துக்காரர் ஆல்பர்ட் டெவாண்ட்ரே கண்ட யோசனையின் வாரிசு அது. உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம். அதன் ஒரு பக்கத்துக் காற்றை என்ஜின் உறிஞ்சிவிடும். நாம் மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று புகுந்து தள்ளும். 9 இஞ்ச் டயஃப்ரம் என்றால் சுமார் 400 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 700 கிராம் அழுத்தம் கிடைத்தாலும் கிட்டத்தட்ட 280 கிலோ. இத்தனை நாள் நம் காலோடு சேர்ந்து மிதித்தது வெறும் காற்று! அந்த உதவி போனால் மொத்த வேலையும் காலுக்கு.

அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. அந்த அக்காவையே சீட்டில் உட்கார வைத்தார். என்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை ஐந்தாறு தடவை மிதிக்கச் சொன்னார். அப்புறம் காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பூஸ்டர் சரியாக இருந்தால், என்ஜின் ஓடத் தொடங்கியதும் பெடல் கொஞ்சம் தானாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை. வீட்டு வாசலில் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சமதரையில்.

இறங்கியிருந்தால் சக்கரத்துப் பக்கம் தேடியிருப்பாராம். காலிப்பர் இறுகியிருக்கலாம், பிரேக் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கலாம், சூட்டில் பேடு கண்ணாடியாக வழவழத்திருக்கலாம். இன்னொரு சோதனையும் உண்டு. என்ஜின் ஓடும்போது மிதித்து, மிதித்தபடியே அணைத்துவிட்டு அரை நிமிஷம் பிடித்திருந்தால் பெடல் அசையக் கூடாது. மேலே எழும்பினால் வேக்கம் எங்கோ கசிகிறது. காலடியில் ‘உஸ்’ என்று சத்தம் வந்தாலும், பிரேக் மிதிக்கும்போது என்ஜின் திணறினாலும் அதே கதைதான்.

டீசல் வண்டியில் உறிஞ்சுவதற்கென்று தனி வேக்கம் பம்ப் இருக்கும். அது பழுதானாலும் பெடல் கல்தான். இரவெல்லாம் நின்ற காரில் சாவி போடாமல் இரண்டு மூன்று தடவை மிதித்தாலும் கல்லாகும், அது நோய் இல்லை. ஆனால் இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து உருட்டுகிறவர்களுக்கு அந்த இரண்டு மூன்று மிதிதான் கையிருப்பு. கயிறு கட்டி இழுக்கும் கார்களுக்கும் இதேதான். ஸ்டீயரிங்கில் இருப்பவர் அதை அறிந்திருக்க வேண்டும்.

“ஓடும்போதே இப்டி ஆயிட்டா?” என்று நான் நடுவில் புகுந்தேன்.

“பம்ப் பண்ணக் கூடாது சார். ஒவ்வொரு மிதிக்கும் உள்ள இருக்கற வேக்கம் காலியாவும். ஒரே மிதி, ரெண்டு காலாலயும், முழு பலத்தோட. பிடிக்கும், ஆனா தூரம் எடுக்கும். கியரைக் குறைச்சுக்கினே வாங்க. ஹேண்ட் பிரேக்கைச் சட்டுனு இழுக்காம மெதுவா இழுங்க.”

பஞ்சுப் பெடலுக்கு நேர்மாறு; அங்கே விடாமல் பம்ப் செய்தால்தான் கொஞ்சமாவது பிடிக்கும். எது எதற்கு என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெடல் மிதிபடவே மறுத்தால் அடியில் தண்ணீர் பாட்டில் உருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். புது காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கும் நாம், பாட்டிலை மட்டும் டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் போடுகிறோம்.

கடைசியில் கிடைத்தது ஒரு ரப்பர் ஹோஸ். என்ஜினிலிருந்து பூஸ்டருக்குப் போவது. சூட்டில் காய்ந்து, கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. கூடவே ஒன்வே வால்வையும் கழற்றி, வாயால் ஊதிப் பார்த்து, ஒரு பக்கம்தான் காற்று போகிறது என்று காட்டினார். அது நன்றாக இருந்தது. பையன் கடைக்கு ஓடிப்போய் ஹோஸ் வாங்கி வந்தான்.

மறுபடி அந்த அக்காவே உட்கார்ந்தார். ஐந்தாறு மிதி. சாவியைத் திருப்பினார். பெடல் காலோடு மெல்ல இறங்கியது. “இறங்குது, இறங்குது!” என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. கணவர் பர்ஸை எடுத்தார். பிறகு பழக்கத்தில் டிரைவர் பக்கம் போனவர், ஒரு கணம் நின்று, சுற்றிக்கொண்டு இடதுபக்கக் கதவைத் திறந்தார்.

சிறுவாபுரிக்கு இன்னும் இரண்டு செவ்வாய் பாக்கியாம்.