இரண்டு கேள்விகள்

2024 ஜனவரி 19 அன்று ராஞ்சியில் ஜப்பானிடம் 0-1 எனத் தோற்று, இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. டோக்கியோவில் நான்காம் இடம்வரை அணியை நடத்திச் சென்ற ராணி ராம்பால் ஏன் அணியில் இல்லை, பெனால்டி கார்னர்கள் ஏன் கோலாகவில்லை என்று பயிற்சியாளர் யானக்கே ஷோப்மனை ரசிகர்கள் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

அடுத்த மாதம், ஆண்கள் அணிப் பயிற்சியாளர்களுக்குக் கிடைக்கும் மதிப்பு தனக்குக் கிடைக்கவில்லை என்று ஷோப்மன் வெளிப்படையாகச் சொன்னார். ஹாக்கி இந்தியா மறுத்தது. அவர் பதவி விலகினார். ‘தோற்றதற்குச் சாக்கு’ என்று பேச்சை முடித்துக்கொண்டார்கள், எனக்குத் தெரிந்த ரசிகர்கள் பலர்.

திருப்பருத்திக்குன்றத்துத் தறிவீட்டில் வளர்ந்த எனக்கு இது புதிதல்ல. தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் அம்மா. கூலி அப்பா கையில். சேலையில் குறை வந்தால் மட்டும், “தார் சுத்தினது யாரு?” என்று அம்மா பக்கம் பேச்சு திரும்பும். குறை அவளுடையதாகவே இருக்கட்டும். அதனால் கூலியில் அவளுக்குப் பங்கில்லை என்று ஆகிவிடுமா?

ராணியை விட்டது தவறு என்றே இன்றும் வாதிடுவேன். ஷோப்மனுக்கு உரிய மதிப்பு கிடைத்ததா என்றும் கேட்பேன். வென்று காட்டிய பிறகே ஒரு பெண் மரியாதை கேட்கலாம் என்றால், தோற்ற ஆண் பயிற்சியாளர்களுக்கு அந்த நிபந்தனையை யார் வைத்தார்கள்?